14 சுரங்களுக்கு ஒரு சிம்பொனி

டியூபா வாசிக்கும் மாணவனிடம் பிடித்த சிம்பொனி எது என்று கேட்டால், மாலர், புரோகோஃபியெவ் என்று அவனுக்குக் கைநிறைய வேலை கொடுத்தவர்களைச் சொல்வான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். த்வோராக்கின் ஒன்பதாவது சிம்பொனி என்று சொல்லிவிட்டால் சக வாத்தியக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 'புதிய உலகிலிருந்து' என்ற பெயர்கொண்ட, சுமார் 40 நிமிடம் ஓடும் அந்தப் படைப்பில் டியூபாவுக்கு எழுதப்பட்டிருப்பது மொத்தமே 14 சுரங்கள். எல்லாம் இரண்டாம் பகுதியான லார்கோவில். மீதி நேரமெல்லாம் அவ்வளவு பெரிய குழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனாலும் அவன் ரசனையில் கோளாறு இல்லை. லார்கோ தொடங்குவதே பித்தளைக் குழல்களின் மெதுவான கார்ட்ஸில்தான். ஈ மைனரில் முதல் பகுதியைக் கேட்டு முடித்த காதுகளை, எங்கோ தொலைவில் இருக்கும் டி ஃபிளாட் மேஜருக்கு நாலே பாரில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அது. மிக மெல்லிய ஒலியில் வாசிக்க வேண்டும். டியூபா அடித்தளம், அது கொஞ்சம் இறங்கினால் மேலே உள்ள அத்தனையும் சேர்ந்து ஆடும். அதுவரை சும்மா இருந்த குழல் குளிர்ந்துபோய் சுருதி இறங்கியிருக்கும் என்பது இன்னொரு தலைவலி. சத்தம் வராமல் உள்ளே மூச்சை ஊதிச் சூடாக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டும். முதல் பகுதி முழுவதையும் ஒரு பார் விடாமல் கவனிக்கிறவன் அந்த மேடையில் அவனாகத்தான் இருப்பான்!

"எல்லா மாணவர் ஆர்கெஸ்ட்ராவும் வாசித்துத் தேய்த்த சிம்பொனி" என்பது அடுத்த குற்றச்சாட்டு. தேய்ந்தது உண்மைதான். ஆனால் இதற்கும் மாணவர்களுக்கும் பிறவியிலேயே ஒட்டு உண்டு. த்வோராக் 1892-ல் நியூயார்க்கின் தேசிய இசைக் கல்லூரிக்கு இயக்குநராக வந்தார். அங்கே படித்த ஹாரி பர்லே என்ற கறுப்பின மாணவர், அடிமையாக இருந்த தன் தாத்தாவிடம் கற்ற பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அந்தக் கேள்விஞானத்தோடு எழுதிய சிம்பொனி 1893 டிசம்பரில் கார்னகி ஹாலில் அரங்கேறியது. லார்கோவின் புகழ்பெற்ற மெட்டைப் பழைய நாட்டுப்பாடல் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது த்வோராக்கின் சொந்த மெட்டு. அதற்கு 1922-ல் பாடல் வரிகள் எழுதியவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர், அவரும் த்வோராக்கின் மாணவர்தான்.

அந்த மெட்டைக் கோர் ஆங்லே வாசிக்கும்போது டியூபாக்காரனுக்கு வேலை இல்லை. ஆனால் அது வந்து உட்கார இடம் போட்டுக் கொடுத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. முன்வரிசை ரசிகனுக்குக் கிடைக்காத சுகம் இது. எத்தனை சுரம் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தா ஒரு படைப்பை விரும்புவது?

அதே சிம்பொனியின் கடைசிப் பகுதியில் சிம்பல் (பெரிய ஜால்ரா என்று வைத்துக்கொள்ளலாம்) வாசிப்பவருக்கு ஒரே ஒரு தட்டு. பிடித்த சிம்பொனி எது என்று அவரையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் :-)