கண்ணைத் துடைத்தால் போதுமா?

வடக்குத்துப் பக்கம் வேலைக்கு வரும் தோழர்களில் சிலர் நாளெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இமையோரம் சிவந்திருக்கும், கீழிமை வெளியே திரும்பியிருக்கும். கேட்டால், “தூசிதானே, வயசும் ஆச்சு” என்கிறார்கள். இது சரியல்ல.

இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் விளிம்பு வீங்கும், முடியடியில் பொருக்குத் தட்டும், காலையில் பீளை ஒட்டும். பழுப்பு நிலக்கரித் தூளும் சாம்பலும்தான் மூலகாரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருக்கிற வியாதியைக் கிளறிவிடும். வருஷக்கணக்கில் விட்டால் இமைமுடி உதிரும், விளிம்பு தடிக்கும், முடி உள்ளே திரும்பிக் கருவிழியைக் கீறும். கீழிமை தொங்கினால் கண்ணீர் வழியும். துடைக்கத் துடைக்க இமை இன்னும் இறங்கும்.

ஆரம்பத்தில் செலவே இல்லை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியைக் காலை மாலை பத்து நிமிஷம் மூடிய இமைமேல் வைத்து, பிறகு விளிம்பைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். களிம்பு டாக்டர் சொன்னால் மட்டும். குத்தும் முடியைத் தாய்மார்கள் வீட்டிலேயே பிடுங்குகிறார்கள். சில வாரத்தில் அது மறுபடி முளைத்துக் குத்தும். திரும்பிய இமைக்குச் சின்ன ஆபரேஷன்தான் வழி. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள்.

இமையைக் கோணலாக்கும் வியாதியை வெல்ல முடியும் என்பதற்கு டிராக்கோமாவே சாட்சி. வட இந்தியாவில் எத்தனையோ ஏழைகளின் கண்ணைக் கெடுத்த தொற்றுநோய் அது. 1963-இல் சர்க்கார் அதற்கெனத் திட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில், அது இனி இந்தியாவில் பொது சுகாதாரப் பிரச்னை அல்ல என உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. மருந்தும் ஆபரேஷனும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. முகம் கழுவத் தண்ணீரும் சேர்ந்தே சாதித்தது.

பின் நம் தோழர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? கூலி போய்விடும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலத்துக்கு 70 சதவீதக் கூலி, வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் காசில்லை. இமை ஆபரேஷனுக்கு வேண்டியதே சில நாள்தான்! விவசாயக் கூலிக்கோ அதுவும் கிடையாது.

ஆகவே ஒப்பந்தத் தொழிலாளர் கேட்டிலும் கிராமத்திலும் வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை, வேலையிடத்தில் முகம் கழுவக் குழாய், தூசிக் கண்ணாடி, ஆபரேஷன் நாட்களுக்கு முழுக் கூலி: இந்நான்கையும் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். முற்றிய கண்களை இப்போதே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள்.