கொழுப்புக் குறைந்தால் கொண்டாட்டமா?

இரத்த ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரோல் குறைவு என்றால் நமக்கெல்லாம் நிம்மதி. பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ கிளினிக் போய் வந்தவர் லயத்து வாசலில் நின்று அதைப் பெருமையாகவே சொல்வார். ஆனால் மருந்தும் எடுக்காமல், சாப்பாட்டையும் மாற்றாமல் அந்த எண் சட்டென்று இறங்கியிருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும்.

லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயும் ஒரு காரணமாக இருக்கலாம். லுகேமியா அணுக்கள் ஓயாமல் பெருகுபவை. பெருகும் ஒவ்வோர் அணுவுக்கும் புதிதாக உறை வேண்டும், உறை கட்டக் கொலஸ்ட்ரோல் வேண்டும். அதை இரத்தத்திலிருந்தே அவை உறிஞ்சிக்கொள்கின்றன. ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்கள் 1985இலேயே இதைக் காட்டினார்கள். சிகிச்சையில் நோயணுக்கள் ஒழிந்தபோது கொலஸ்ட்ரோல் அளவு மறுபடி ஏறியது. நோய் தெரியவரும் நேரத்தில் நல்ல கொழுப்பான எச்டிஎல் மிகத் தாழ்ந்திருந்த லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகளுக்குப் பின்விளைவு மோசமாக இருந்ததைப் பிந்திய ஆய்வுகளும் கண்டன. கொலஸ்ட்ரோல் குறைவே ஆளைக் கொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்று அதை ஏற்றிவிடவும் முடியாது. அரைவயிற்றுச் சாப்பாடு, ஈரல் கோளாறு, தைரொயிட் அதிகமாகச் சுரப்பது என எதனாலும் அது குறையலாம்.

சப்ரகமுவத் தோட்டங்களில் சிக்கலே அங்குதான்: லுகேமியாவின் அறிகுறிகளும் வேறு நோய்களின் அறிகுறிகள் போலவே தெரிகின்றன. கொழுந்தெடுக்கும் பெண் வெளிறிப்போனால் 'இரத்தம் பத்தாது' என்று இரும்புச்சத்து மாத்திரை. ரப்பர் மலையில் பால் வெட்டுபவர் காய்ச்சலில் விழுந்தால் டெங்கு, இல்லையேல் எலிக்காய்ச்சல். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இரண்டுமே மலிந்திருப்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். டெங்குப் பயத்தில் எஃப்பிசி என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும் எடுக்கிறார்கள். எடுத்த தாளில் பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். வெள்ளணு எண்ணும் ஹீமோகுளோபினும் அதே தாளில்தான் இருக்கின்றன. காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாளாகியும் சோர்வு போகவில்லை, ஈறு கசிகிறது, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்கிறது என்றால் அந்தப் பரிசோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

நோய் உறுதியாகி மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இரத்தக் கொழுப்பின் கதை முடிவதில்லை, எதிர்த்திசையில் திரும்புகிறது. பிள்ளைகளுக்கு வரும் லுகேமியாவுக்கு ஸ்டெரொயிட்டோடு கொடுக்கும் அஸ்பராஜினேஸ் மருந்து ட்ரைகிளிசரைட்டை ஏற்றிவிடலாம். 150க்குள் இருக்க வேண்டியது சிலருக்கு 1000த்தையும் தாண்டும். அதே மருந்தால் கணையமும் வீங்கக்கூடும். சிகிச்சைக்கு இடையில் வீடு வந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், தோட்ட மருந்தகத்தில் 'கேஸ்டிரைட்டிஸ்' மாத்திரை கொடுத்து அனுப்புவது உயிரோடு விளையாடுவது. தெரணியகலை மலையிலிருந்து மகரகமைக்கு மணிக்கணக்கான பஸ் பயணம். போகிற தாய்க்கு அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும், இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போட்டால் குற்றம் அவருடையதல்ல.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலையில் கையில் கொடுக்கும் அட்டையில், எந்த வலிக்கு உடனே ஓடி வர வேண்டும் என்பதைத் தமிழிலும் எழுதுங்கள். சுகாதார அமைச்சு இதற்குச் சுற்றுநிருபம் அனுப்பட்டும். கிளினிக் நாளுக்குத் தோட்டக் கம்பனிகள் முழுப் பேர் போடட்டும்.