கைத்தொலைபேசியில் கல்வி: மலையகத்துக்கு எது பொருந்தும்?

பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. தேயிலை மலைகளிலிருந்து இறங்கும் நீரே அதன் சுழலிகளை இன்றும் சுழற்றுகிறது. நாட்டுக்கு மின்சாரம் தரும் இந்த மலையகத்தில்தான், 2020, 2021 ஆம் ஆண்டுகளில், பிள்ளைகள் கைத்தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மேடேறினார்கள்.

கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் 'இணையவழிக் கல்வி' என்றது கொழும்பு. நடைமுறையில் அது பெரும்பாலும் வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த பாடக்குறிப்புகளின் படங்களே. லயன் வீட்டில் ஒரு ஸ்மார்ட் கைத்தொலைபேசி இருந்தாலும், அது வெளியூரில் வேலை பார்க்கும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதில் அரிசி வாங்குவதா, டேட்டா வாங்குவதா?

கைத்தொலைபேசி வேண்டாம் என்பது என் வாதமன்று. அரசு தவறான முனையில் தொடங்கியது என்கிறேன்.

அதே 2020 இல் பொட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் சென்றன. வேறு சிலருக்கு அத்துடன் பதினைந்து, இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் சென்றது. வெறும் குறுஞ்செய்தியால் சொல்லத்தக்க பயனில்லை. அழைப்பும் சேர்ந்தபோது பிள்ளைகளின் கணக்கறிவு உயர்ந்தது. முடிவுகள் 2022 இல் வெளியாயின. பின்னர் இந்தியா, நேபாளம் உள்ளிட்ட ஐந்து நாடுகளிலும் இதைச் செய்து பார்த்தார்கள். சாதாரண அரச ஆசிரியர்களே அழைத்தபோதும் பலன் குறையவில்லை.

இதற்குப் பொத்தான் கைத்தொலைபேசி போதும். டேட்டா தேவையில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய் வீடு திரும்பும் மாலையில் ஆசிரியர் அழைக்கிறார். ஒலிபெருக்கியில் போட்டு, ஒரு வகுத்தல் கணக்கைக் கேட்கிறார். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடும். அனுப்பிய படம் திறக்கப்பட்டதா என்பதுகூட வட்ஸ்அப் குழுவில் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற தாயும் அருகிலிருந்து கேட்கிறாள். அதுவும் கல்விதான்.

அழைப்புச் செலவு ஆசிரியர் தலையில் விழக்கூடாது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியவர்களில், அதுவரை சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கியவர்கள் பலர். கல்வி அமைச்சு கொடுக்கட்டும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை மண்சரிவில் புதைத்தபோது பாடசாலைகள் மீண்டும் மூடின. பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. ஒவ்வொரு பாடசாலையும் மாணவர் வீட்டு இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி, எந்த ஆசிரியர் யாரை அழைப்பது என்று இப்போதே பிரித்து வைக்குமானால், அடுத்த முறை கோபுரம் உயிர்பெற்ற அன்று மாலையே அழைப்பு தொடங்கலாம்.