மரவீடு ஆசையும் இடிந்த வீட்டு மரமும்

எங்க கம்பைநல்லூர் பக்கம் நிலம் வாங்குகிற டவுன்காரர்கள் இப்போது அதிகம். பெங்களூருக்காரர், சென்னைக்காரர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர் எனப் பலர். முதலில் வேலி போடுவார்கள், அப்புறம் போர், அதற்கப்புறம் வீடு. வீடு என்றதும் மொபைலை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். முழு மரத்தடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கிய வீடு, உள்ளே கணப்படுப்பு, தரையில் கம்பளி. "இது மாதிரி வேணுங்க, ஆனா எல்லாமே இயற்கைப் பொருளா, பழைய மரமா இருக்கணும்" என்பார்கள். சித்திரை வெயிலில் எங்க ஊர் மாடுகளே புளியமரத்தடியை விட்டு நகராது. இங்கே கணப்படுப்பு எதற்குன்னு கேட்க வாய் வரும், கேட்கிறதில்லை.

கேலி பண்ண இதை எழுதலை. மண்ணை, மரத்தைக் கெடுக்காமல் வீடு கட்டணும்னு நினைக்கிறவர்கள் இவர்கள். அந்த எண்ணத்துக்காகவே சில விஷயம் சொல்லணும்.

தடி அடுக்கி வீடு கட்டுகிற வழக்கம் பனி பெய்கிற நாட்டில் வந்தது. சுவீடன், பின்லாந்து, ரஷ்யா போன்ற இடங்களில் நேராக வளர்கிற பைன், ஸ்ப்ரூஸ் மரம் காடு காடாக இருக்கு. பருமனான தடி குளிரை உள்ளே விடாது. அங்கே கிடைப்பதை வைத்து அங்கே இருக்கிற பருவத்துக்குக் கட்டினார்கள், அது நியாயம். அதே பைனைக் கப்பலில் கொண்டு வந்து இங்கே அடுக்கினால் முதல் விருந்தாளி கரையான்தான். எங்க செம்மண்ணில் சும்மா சாய்த்து வைத்த மண்வெட்டிக் காம்பைக்கூட மழைக்காலத்தில் விடாது. கரையான் வராமல் இருக்க மருந்து அடிப்பார்கள், வருஷா வருஷம் அடிப்பார்கள். அப்புறம் அதில் இயற்கை எங்கே இருக்கு?

நம்ம ஊரில் மரம் போட்டுக் கட்டின வீடே இல்லையா என்றால், இருந்தது. மரத்தை எங்கே வைக்கணும் என்பதில்தான் நம்ம ஆட்கள் கெட்டி. மரத்தூண் தரையில் நேராக நிற்காது, கீழே ஒரு கல் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது, தோட்டத்து வேலிக்கே கல்லுக்கால் நடுகிற ஊர். அடிமட்டம் கல், சுவர் மண்ணோ செங்கல்லோ, மேலே போனால்தான் மரம்: உத்திரம், கைமரம், சட்டம், அதற்கு மேல் ஓடு. கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனை. பனையில் உள்சோறு மிருதுவாக இருக்கும், வெளிவட்டம்தான் இரும்பு மாதிரி. அந்த வெளிவட்டத்தைப் பிளந்து கைமரம் செதுக்குவார்கள். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த பனங்கைகளை இரண்டு தலைமுறை தாண்டியும் பூச்சி தொடாமல் இருக்கப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்குப் புதுசாகப் பனை வெட்டிக் கைமரம் போட ஆசைப்பட்டால் முடியாது, முடியவும் கூடாது. 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவித்து விட்டார்கள். ஆகவே பனங்கை வேணும்னா பிரிக்கிற வீட்டிலிருந்துதான் எடுக்கணும். அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது.

'பழைய மரம்'னு நீங்க வாங்குவது யாரோ ஒருத்தர் பிரித்த வீடு. அவர் ஏன் பிரித்தார்?

ஓட்டு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் ஓடு மாத்தணும். குரங்கு வந்து போனால் இன்னொரு தரம் மாத்தணும். நாட்டு ஓடு மாத்துகிற ஆள் ஊருக்கு ஒருத்தர் கிடைத்தாலே பெரிசு, கூலியும் கொஞ்சமில்லை. ராத்திரி மழை பெய்தால் எந்த இடத்தில் குண்டான் வைக்கணும்னு வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். எலி வரும், அது பின்னாடியே பாம்பும் வரும். இப்படி இருந்துவிட்டுக் கான்கிரீட் தளம் வேணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டால் அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அரசாங்கமும் அந்தப் பக்கம்தான். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை எடுத்துவிட்டு வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட்டாகணும். கூரைக்குத் தீப்பிடிக்கிற பயம் இல்லாமல் தூங்குவது சின்ன விஷயமா?

ஆக, ஊர்க்காரர் ஓட்டைக் கழற்றிக் கான்கிரீட்டுக்குப் போகிறார், டவுன்காரர் கான்கிரீட்டை விட்டு அதே ஓட்டைத் தேடி வருகிறார். நடுவில் ஒரு லாரி நிற்குது. லாரிக்காரர் பேசுகிற விலை என்ன தெரியுமா? "பிரிச்சு, சுத்தம் பண்ணிக் கொடுக்கிறோம், அதுவே உங்களுக்கு லாபம்" என்பார். நிலை, கதவு, உத்திரம், தூண் எல்லாம் மொத்தமாக ஒரு தொகை. வீட்டுக்காரருக்கு அஸ்திவாரம் தோண்டவே பணம் போதாத நேரம், வாங்கிக்கொள்வார். அதே நிலைக்கதவு நாலு கை மாறி, எண்ணெய் தேய்த்து, பித்தளைக் குமிழ் போட்டு நிற்கும்போது விலையைக் கேட்டால் அவருக்கு மயக்கம் வரும். சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு நாம பெருமைப்படுகிற பொருளில் இந்தக் கணக்கும் ஒட்டிக்கிட்டுத்தான் வருது.

இதற்குப் பெரிய உதாரணம் செட்டிநாடு. பர்மாவில் தொழில் பண்ணின நகரத்தார் அங்கிருந்து தேக்கு இறக்கிக் கட்டின வீடுகள். பங்காளிகள் பெருகி, உலகமெல்லாம் சிதறி, பராமரிக்க ஆளில்லாமல் எத்தனையோ வீடு பிரிக்கப்பட்டது. அந்தத் தூணும் கதவும் பீங்கான் சாமானும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்குது. எனக்கு அந்தத் தெரு மேல் கோபம் இல்லை. அந்தக் கடைகள் இல்லாவிட்டால் பாதி மரம் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் கம்பைநல்லூரில் வீடு கட்டுகிறவர் 300 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் லாரி வைத்துக் காரைக்குடித் தூணைக் கொண்டுவந்து நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மொரப்பூர், அரூர், காரிமங்கலம் பக்கமே மாசத்துக்கு ஒரு ஓட்டு வீடாவது பிரிக்கிறார்கள். நம்ம பக்கத்துத் தூணில் அவ்வளவு செதுக்கு வேலை இருக்காது, வேம்போ வாகையோதான் இருக்கும். அதுக்கென்ன?

வீட்டைப் பிரித்தாலும் மரியாதையாகப் பிரிக்க முடியும் என்பதற்குச் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கிற தட்சிணசித்ராவைப் போய்ப் பாருங்க. இடிபடப் போகிற நிலையில் இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, அதே வீடாகத் திரும்ப நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய மரவேலை இதற்கு இடம் கொடுக்கும். கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அடித்தது, கழற்றினால் முழுசாக வரும். மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ வைத்த செங்கல்லும் தட்டினால் முழுசாக வரும். சிமென்ட் கலவையில் வைத்தது வராது, கல் உடையும், கலவை உடையாது. இன்றைக்கு நாம கட்டுகிற வீட்டை நம்ம பேரப்பிள்ளைகள் பிரித்தால் கம்பியும் ரப்பீஸும்தான் மிஞ்சும். பழைய பொருளை வாங்கி வைப்பதோடு, நாளைக்குக் கழற்றி எடுக்கிற மாதிரி வீட்டைக் கட்டுகிறோமா என்பதையும் பார்க்கணும். என் எண்ணத்தில் இது முதலாவதைவிட முக்கியம்.

திருவனந்தபுரத்தில் இருந்த லாரி பேக்கர் இதை வாழ்ந்தே காட்டினவர். இடித்த வீட்டுக் கதவு, உடைந்த ஓடு, காலி பாட்டில் எதையும் விடமாட்டார். பாட்டிலைச் சுவரில் பதித்து வெளிச்சம் வரவைப்பார். தளத்தில் கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத இடத்தில் பழைய சீமை ஓட்டை வைத்துச் சிமென்டையும் கம்பியையும் மிச்சம் பண்ணுவார். அவர் கவனித்தது செலவு, வெளிச்சம், காற்று. அழகு அதிலேயே வந்தது. இப்போது அழகுக்காகப் பாட்டில் பதிக்கிறார்கள், அதற்காகப் புதுப் பாட்டில் வாங்கினவர் ஒருத்தரை எனக்குத் தெரியும்.

உள்பக்கப் பூச்சுக்கு வருவோம். மரம் பழசு, சுவருக்கு மட்டும் டப்பா டப்பாவாக பெயின்ட் என்றால் பாதிக் கிணறுதான் தாண்டினதாக ஆகும். சுண்ணாம்பு இருக்கு. நீற்றின சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துப் பூசுவது நம்ம கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலைதான். சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், கோடையில் உள்ளே குளுமை தெரியும். ஆனால் அவசரத்துக்கு ஆகாது. புளிக்க நாள் வேணும், ஒரு பூச்சு காய்ந்துதான் அடுத்த பூச்சு. "ரெண்டு மாசத்துல கிரகப்பிரவேசம்"னு சொல்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். மரத்துக்கு வேப்பெண்ணெய் போதும். வெளியே நிற்கிற மரத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் நல்லது, ஆனால் கையில் பட்டால் வெந்து போகும், உறை போட்டுக்கோங்க.

பழசு என்பதற்காக எல்லாமே நல்லது என்று ஆகாது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகளை மேஜையாக்குவது ஒரு மோகம். அந்தக் கட்டைகள் பலவற்றில் கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது படுக்கையறைக்கு வரவேண்டிய சாமான் இல்லை. பழைய பெயின்ட் அடித்த கதவும் அப்படித்தான். நம்ம நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தின கதவைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசு பறக்கவிடாதீங்க. கப்பல் சரக்கோடு வருகிற பேலட் கட்டை வாங்கினால் முத்திரையைப் பாருங்க. எச்.டி. என்றிருந்தால் சூடு காட்டினது, உள்ளே வைக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

அடுத்தது சோடிப்பு. வண்டிச் சக்கரத்தை விளக்காகத் தொங்கவிடுவது, ஏர்க்கலப்பையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது, உரலைக் கவிழ்த்துப் பூந்தொட்டி வைப்பது. காசு கொடுத்து வாங்கின பொருள், உங்க இஷ்டம். எனக்கு அது உறுத்தும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கலப்பை பிடித்த கை இன்னும் ஊரில் இருக்கு, அது சுவரில் காட்சிப் பொருளாகத் தொங்குவதை அந்த ஆள் உங்க வீட்டுக்கு வேலைக்கு வரும்போது பார்ப்பார். உரல் வாங்கினால் ஒரு நாளாவது அதில் கம்பு இடிங்க, அம்மி வாங்கினால் சட்னி அரைங்க. மரக் குதிர் கிடைத்தால் உங்க நிலத்து ராகியைக் கொட்டி வைங்க. களத்து மேட்டிலும் ஆத்தோரத்திலும் கிடக்கிற பழங்கல்லை மட்டும் யார் விற்றாலும் வாங்காதீங்க. அது யாரோட குலசாமியாகவும் இருக்கலாம், நடுகல்லாகவும் இருக்கலாம். எங்க மாவட்டம் நடுகல்லுக்குப் பேர்போன மாவட்டம்.

நாற்காலி, கட்டில் வேணும்னா காட்டைப் பாருங்க, ஆனா மரத்தை வெட்டச் சொல்லலை. உண்ணிச்செடி காட்டையே மூடிக்கொண்டிருக்கு. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதன் தண்டை வேகவைத்து, தோல் உரித்து, பிரம்பு மாதிரி வளைத்து நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அதில் செய்த ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்கள் வரைக்கும் போய் நின்றன. வெட்ட வெட்டக் காட்டுக்கு நல்லதாக இருக்கிற ஒரு பொருளை விட்டுட்டு, தேக்கு தேடி எதுக்கு அலையணும்?

நிலம் வாங்கினவர்கள் என்ன செய்யலாம்னு கேட்டால், நான் சொல்வது இது. முதலில் உங்க நிலத்திலேயே அல்லது பக்கத்திலேயே ஒரு பழைய ஓட்டு வீடு நின்றால் அதை இடிக்காமல் சரி பண்ணப் பாருங்க. அப்படி இல்லையென்றால் பிரிக்கப்போகிற வீட்டைத் தேடி நீங்களே நேராகப் போங்க. லாரிக்காரர் வருவதற்கு முன்னாடி போகணும், அதற்கு டீக்கடையில் சொல்லி வைத்தாலே போதும். கதவு தனி, தூண் தனின்னு பொறுக்காமல் மொத்தமாகப் பேசுங்க, காரைக்குடியில் என்ன விலைன்னு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே பேசுங்க. பிரிக்க அந்த ஊர் ஆசாரியையே கூப்பிடுங்க, கழற்றுகிற ஒவ்வொரு மரத்திலும் எண் போடச் சொல்லுங்க. அவரே உங்க வீட்டில் திரும்பப் பூட்டட்டும். கூலி கூட ஆகும்.

ஓடு போட்டால், மாத்துகிற ஆளுக்குப் பங்குனியிலேயே சொல்லி வைத்துடுங்க. கோடை மழை இறங்கின பிறகு தேடினால் கிடைக்கமாட்டார். இருமத்தூர் வரைக்கும் அவருக்கு வேலை இருக்கும்.