யாருக்காக இந்த முன்னறை?

வீட்டு அலங்காரத்தைப் பற்றித் தமிழ்ப் பள்ளியொன்றின் ஆண்டு விழா மலரிலே எழுதுவானேன் என்று பெற்றோர்களிற் சிலர் எண்ணக்கூடும். தாய்மொழியின் தொன்மை பற்றியும் வள்ளுவத்தின் சிறப்புப் பற்றியும் எழுதுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் எம்மிடையே உளர். நான் எழுத முற்படுவது செற்றியையும் மின்குமிழையும் சாப்பாட்டு மேசையையும் பற்றியே. எமது பிள்ளைகள் கிழமையில் ஒருநாள், சில மணி நேரமே எம்மிடம் தமிழ் கற்கின்றனர். மிகுதி நேரமெல்லாம் அவர்களுடைய தமிழ் வளர்வதும் தேய்வதும் அவர்கள் வாழும் வீட்டிலேயே ஆகும். ஆகவே அந்த வீட்டில் யார் எங்கே அமர்கின்றனர் என்பது ஆசிரியன் ஒருவனும் கேட்கத்தக்க கேள்வியே என்பது எனது துணிபு.

இன்று இங்கிலாந்தில் வெளிவரும் வீட்டு அலங்காரச் சஞ்சிகைகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு மாற்றத்தைக் காண்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் வரை சாம்பல் நிறச் சுவரும், மினுங்கும் வெள்ளை அலுமாரியும், ஒரு பொருளும் வெளியே தெரியாத மேசையுமே நாகரிகமெனப் போற்றப்பட்டன. இப்பொழுதோ மண்ணிறமும், பழைய மரத் தளபாடங்களும், பிரம்புக் கதிரைகளும், கைத்தறித் துணிகளும், அடுக்கிய புத்தகங்களும் கொண்ட, மனிதர் வாழ்ந்து பழகிய கதகதப்பான வீடே வேண்டுமென்கின்றனர். இதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று டென்மார்க் மக்களின் ‘ஹூகா’ என்னும் சொல்லாகும். குளிர்காலத்து நீண்ட இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், நெருங்கியவர்களோடு ஆறுதலாக அமர்ந்திருக்கும் மனநிறைவை அது குறிக்கும். 2016ஆம் ஆண்டில் இது பற்றிய நூல்கள் பிரித்தானியக் கடைகளிற் குவிந்தன. அவ்வாண்டின் சொற்களுள் ஒன்றாகக் கொலின்ஸ் அகராதியினர் இதனைத் தெரிவு செய்தனர். 2017இல் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியும் இதனைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் 2020இல் பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, தாம் தேடித் தேடி அலங்கரித்த வீடு பார்ப்பதற்கு உகந்ததேயன்றி இருப்பதற்கு உகந்ததன்று என்பதைப் பலர் கண்டுகொண்டனர்.

நாகரிகம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. பூப்போட்ட திரைச்சீலைகளையும் உறைகளையும் தூக்கியெறியுமாறு 1996இல் ஐக்கியா நிறுவனம் பிரித்தானியருக்கு விளம்பரம் செய்தது. இன்று பூப்போட்ட துணி மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டது. பன்ரோன் என்னும் நிற நிறுவனம் 2025ஆம் ஆண்டுக்குரிய நிறமாகக் கபிலத்தை அறிவித்தது. 2026ஆம் ஆண்டுக்கு வெள்ளையை அறிவித்தது. இவர்களை நம்பி ஆண்டுதோறும் சுவருக்கு நிறம் பூசப் புறப்படுபவரின் நிலை என்னாவது! எமது ஊரிலே வசதி குறைந்தோர் பொங்கலுக்கு முன்னர் சுவரிற் பூசிய சுண்ணாம்பு இங்கே புதிய பெயரோடு பெரிய விலைக்கு விற்கப்படுகின்றது. புத்தம் புதிய மேசையை வேண்டுமென்றே சுரண்டிக் கீறிப் பழையதாக்கி விற்பதும் உண்டு. வாழ்ந்து பழகிய தோற்றத்தை வாழாமலே வாங்கிக்கொள்ளலாம் என்பது வணிகரின் கணக்குப் போலும்.

ஆயினும் இந்த ஆரவாரத்தினுள்ளே ஓர் உண்மை இருக்கிறது. வீடு என்பது புழங்குவதற்கு உரியது. இவ்வுண்மையை எம்மவர் வீடுகளோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் என் மனம் உறுத்துகின்றது.

‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொல்வது ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். நான்கு படுக்கையறை, இரண்டு குளியலறை, கார் நிறுத்த இடம் என்று வீட்டுத் தரகரின் விளம்பரம் போலவே பெரும்பாலான கட்டுரைகள் அமையும். ஒரு மாணவி எழுதிய வரி மட்டும் என் நினைவை விட்டு அகலவில்லை. ‘எங்கள் வீட்டில் மிகவும் வடிவான அறை ஒன்று இருக்கிறது, அதில் நாங்கள் இருப்பதில்லை’ என்று அவள் எழுதியிருந்தாள். முழுப் புள்ளி வழங்கினேன். வேறென்ன செய்வது?

அவள் குறிப்பிட்ட அறையை நாம் அனைவரும் அறிவோம். விலையுயர்ந்த தோற்செற்றி, கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகள், மூத்த மகனின் பட்டமளிப்புப் படம், மகளின் பூப்புனித நீராட்டு விழாப் படம், தூசி படியாத கண்ணாடி மேசை. கதவு சாத்தியிருக்கும். விருந்தினர் வந்தால் திறக்கும். பிள்ளைகள் மேல்மாடியில், தத்தம் அறையில், தத்தம் திரையின் முன்னே இருப்பர். இரவு வேலை முடித்து வந்த தந்தை குசினியில் நின்றபடியே உணவை முடித்துக்கொள்வார். தாய் தொலைபேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருப்பார். ‘சாப்பிட வா’ என்னும் அழைப்பும் வாட்ஸ்அப்பிலே மேல்மாடிக்குச் செல்கின்றது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நால்வர் நான்கு இடத்தில் இருக்கும் வீட்டில் தமிழை யார் யாரோடு பேசுவது?

இந்தப் பழக்கத்தை நாமாகக் கண்டுபிடித்தோம் என்று எண்ணவேண்டாம். இலண்டனில் எம்மவர் வாங்கி வாழும் வரிசை வீடுகள் பல விக்ரோறியா மகாராணியார் காலத்தவை. அவற்றின் முன்னறையை அக்காலத்து ஆங்கிலத் தொழிலாளர் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைக்கும், நத்தார் பண்டிகைக்கும், வீட்டில் ஒருவர் இறந்தால் உடலை வைப்பதற்கும் என்று பூட்டி வைத்திருந்தன. குடும்பம் பின்புறத்து அடுப்படியிலே நெருங்கி வாழ்ந்தது. கௌரவம் ஒரு காரணம். எல்லா அறைகளிலும் நெருப்பு மூட்டுவதற்கு நிலக்கரி வாங்கக் கட்டுப்படியாகாமை மற்றொரு காரணம். 1961இல் வெளியான பார்க்கர் மொறிஸ் அறிக்கை, வீட்டின் எல்லாப் பகுதிகளையும் குடும்பத்தார் பயன்படுத்தத்தக்க முறையில் வெப்ப வசதி அமைய வேண்டுமென்று வலியுறுத்தியது. வெப்பமூட்டும் குழாய்கள் வீடெங்கும் பரவிய பின்னர் ஆங்கிலேயர் பலர் இடைச்சுவரை இடித்து இரண்டு அறைகளையும் ஒன்றாக்கிக்கொண்டனர்.

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1948ஆம் ஆண்டு முதலாக இங்கு வந்து குடியேறியோரும் இதே முன்னறையைப் போற்றினர். பிளாஸ்ரிக் உறையிட்ட செற்றி, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பின்னல் விரிப்புகள், கண்ணாடி மீன்கள், யேசுநாதரின் படம் என அவர்களின் முன்னறை விளங்கியது. அதனை ஓர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு மைக்கல் மக்மிலன் என்பார் 2005ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனின் ஜெஃப்ரி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார். 1714இல் ஏழை முதியோருக்காகக் கட்டப்பட்ட இல்லங்களில், 1914இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது. ‘இல்லத்தின் அருங்காட்சியகம்’ என்னும் புதிய பெயரோடு 2021இல் மீளத் திறக்கப்பட்டபோது, எழுபதுகளின் மேற்கிந்திய முன்னறையொன்றும் அங்கே அமைக்கப்பட்டது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம். செற்றியின் பிளாஸ்ரிக் உறையைப் பார்த்து அவர்கள் சிரிப்பர், பெற்றோர் சிரிக்கமாட்டார்கள்.

ஏனெனில் அந்த உறைக்குப் பின்னால் இருப்பது வெறும் பகட்டன்று. ஒரு பையோடு வந்தவன், பிறர் வீட்டு அறையொன்றில் நால்வரோடு பாயைப் பகிர்ந்தவன், தானும் நிமிர்ந்துவிட்டேன் என்று உலகத்துக்குச் சொல்லும் இடம் அது. ஊரிலே குண்டு விழுந்து கூரையிழந்த வீட்டை விட்டு வந்தவர்களுக்கு, கீறலில்லாத ஒரு மேசை எத்தகைய ஆறுதல் என்பதை நான் அறிவேன். அதனை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த ஆறுதலுக்கு எமது பிள்ளைகள் கொடுக்கும் விலை அதிகம் என்றே சொல்கின்றேன்.

நாம் விட்டு வந்த வீடுகளையும் எண்ணிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே நடுமுற்றத்தைச் சூழ நான்கு புறமும் விறாந்தை ஓடும். அம்முற்றத்தில் மிளகாய் காயும், ஒடியல் காயும். தூணோடு சாய்ந்து ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். பக்கத்திலே பெண்கள் முருங்கையிலை ஆய்வர். பிள்ளை நிலத்திற் படுத்துக்கிடந்து வாய்ப்பாடு சொல்லும். சாய்மனைக் கதிரையிலிருந்து பாட்டனார் அதைத் திருத்துவார். இன்னாருக்கு என்று எவ்விடமும் ஒதுக்கப்படவில்லை. (அங்கும் கல்வீட்டுக்காரர் சிலர் ‘ஹோல்’ என்று ஓரிடத்தைப் பூட்டி வைத்திருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.) எவரும் எங்களுக்குத் தமிழ் ‘கற்பிக்க’ வேண்டியிருக்கவில்லை, அதன் நடுவே உருண்டு புரண்டோம். இலண்டனில் முற்றம் கட்ட முடியாது. ஆனால் அந்த முற்றம் செய்த வேலையை ஓர் அறை செய்யலாம்.

அதற்குப் புதிதாக எதையும் வாங்கவேண்டியதில்லை. வாங்குவதானால் மின்குமிழ் ஒன்றை வாங்கலாம். எம்மவர் வீடுகளிற் கூரையின் நடுவே கண் கூசும் வெள்ளொளி எரிவதை அயலவர் வியப்போடு பார்ப்பர். இதன் காரணம் எனக்கு விளங்கும். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்திலே பாடம் படித்த தலைமுறை நாம். எமக்கு இருட்டென்றால் இல்லாமை. ஒளியென்றால் வெள்ளை வெளேரென்ற ஒளி. ஆயினும் அதன் கீழே அறை கடையைப் போலவும் முகங்கள் களைத்தவை போலவும் தோன்றும். மின்குமிழ்ப் பெட்டியில் 2700 கெல்வின் என்றிருந்தால் அது விளக்கொளி போன்ற மஞ்சள். 6500 என்றிருந்தால் நீலஞ்சார்ந்த வெள்ளை. பிள்ளை எழுதும் மேசைக்கு நல்ல வெளிச்சம் இருக்கட்டும். மாலையில் பேசியிருக்கும் மூலைக்கு மஞ்சள் விளக்கொன்று போதும். அதே போத்தல் விளக்கைச் சுற்றி நாங்கள் எவ்வளவு பேசினோம் என்பதும் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

அடுத்தது மேசை. சாப்பாட்டு மேசையின் மீது கிடக்கும் கடிதக் கட்டுகளை அகற்றி, வாரத்தில் மூன்று இரவேனும் எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்ண முடியுமா என்று பாருங்கள். நேர அட்டவணை இடங்கொடுக்காத வீடுகள் உண்டு. இரண்டு வேலை செய்யும் பெற்றோருக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அவர்கள் ஞாயிறு ஒருநாளையாவது பிடித்துக்கொள்ளட்டும். சோற்றையும் குழம்பையும் சுற்றி வரும் சொற்களை எந்தப் பாடநூலும் தரமாட்டாது. அடிப்பிடித்தல், தாளித்தல், கசிதல், காறல், கைப்பு, துவர்ப்பு என்பவற்றை நாக்கிலே வைத்துக் கற்ற பிள்ளைக்கு வகுப்பில் நான் விளக்க வேண்டியதில்லை.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். ‘வீடு’, ‘அன்பு’, ‘குடும்பம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட மரப்பலகைகளைக் கடையில் வாங்கி எம்மவர் மாட்டுகின்றனர். அதே வீட்டுப் பிள்ளை தமிழெழுத்துப் போட்டியிற் பரிசு பெற்ற தாள் எங்கோ ஓர் உறைக்குள் மடிந்து கிடக்கின்றது. அந்தத் தாளுக்குச் சட்டமிட்டு மாட்டினால் என்ன? கோணலாக இருந்தாலும் அது இந்த வீட்டிலே பிறந்த எழுத்து. தமிழ்ப் புத்தகங்களும் கண்ணாடி அலுமாரியிலிருந்து கைக்கெட்டும் தட்டுக்கு இறங்கி வரட்டும். முனை மடியும், தேநீர்க் கறை படியும். படிக்கப்பட்ட புத்தகம் அப்படித்தான் இருக்கும்.

‘விருந்தினர் வந்தால் என்ன நினைப்பார்கள்?’ என்னும் வினாவை நான் எதிர்பார்க்கின்றேன். வருகின்ற விருந்தினரும் தம் வீட்டில் இதே அச்சத்தோடு முன்னறையைப் பூட்டி வைத்திருப்பவரே. யாராவது ஒருவர் முதலிற் கதவைத் திறந்தால் மற்றவருக்கும் நிம்மதி. வாடகை வீடு, ஆணியடிக்கக் கூடாது என்பாருக்கு, ஒட்டி உரிக்கத்தக்க கொளுக்கிகள் கடையில் உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வீடுகளில் அம்மம்மாவோ அப்பம்மாவோ மேல்மாடிச் சிறிய அறையில், யூரியூப்பில் ஊர்க் கோயில் திருவிழாவைப் பார்த்தபடி தனித்திருக்கின்றார். வீட்டிலுள்ளோருள் மிக நல்ல தமிழ் அவரிடமே உண்டு. அதைக் கேட்பதற்கு ஆள்தான் இல்லை. அவருடைய கதிரையை முன்னறைக்குக் கொண்டுவரச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். யன்னலோரமாக வைக்கலாம். தெருவும் தெரியும், பெரும்பாலான வீடுகளில் வெப்பமூட்டியும் அந்த யன்னலின் கீழேதான் இருக்கிறது.