பட்டாவில் இல்லாதவர்கள்

பேரையூரில் நின்று மேற்கே நோக்கினால் சதுரகிரி மலை தெரியும். மலைக்கு இப்பால் கிடப்பது பெரும்பாலும் வானம் பார்த்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இங்குப் பருத்தியும் சோளமும் விதைப்பர். மழை பொய்த்தால் இளைஞர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிச் செல்வர். இது பழைய துன்பம். இப்பொழுது அத்துன்பத்தைத் தீர்க்க வந்த மருந்தே இத்தகைய சீமையின் ஏழைகளை வெளியேற்றுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

புவி வெப்பமாவதைத் தடுக்க 2015ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் உலக நாடுகள் உடன்பாடு செய்துகொண்டன. நம் நாடும் 2030க்குள் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றைச் சாராத மின்திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்த உறுதி பூண்டுள்ளது. நோக்கம் நன்று, அதனை மறுப்பார் யார்? ஆயின் கதிரவன் ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளை விரிக்க நிலம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது.

விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு என் செய்வது என்று நிலமுடையார் கேட்பது நியாயமே. விற்றால் பணம் வரும். ஆனால் மானாவாரி நிலம் உடையவருக்கு மட்டும் சோறிடுவதன்று. களை பறிப்பவருக்கு அங்கே கூலி உண்டு. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கு அங்கே பிழைப்பு உண்டு. அறுவடை முடிந்தபின் கீதாரி ஆடுகளை ஓட்டி வந்து மேய்ப்பார். இரவில் வயலிலேயே கிடை போடுவார். நிலத்துக்கு எரு, அவருக்குக் கூலி. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாடு எந்தப் பட்டாவிலும் இல்லை. வேலி எழுந்த அன்றே அது முடிந்துவிடுகிறது. தகடுகளைக் கழுவும் வேலையேனும் கிடைக்குமா என்றால், கமுதியில் அதனையும் இயந்திரமே செய்கிறது!

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டு அந்நிலத்தில் உழைத்து வாழ்ந்த நிலமற்ற கூலியாளரையும் பாதிக்கப்பட்டோர் என்றே கொள்கிறது. பெரும்பாலும் அரசு கையகப்படுத்தினால் அன்றோ அவ்விதி பயன்படும்? ஒருவர் விற்க மற்றொருவர் வாங்கும்போது கூலியாளரைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

கர்நாடகத்துப் பாவகடாவில் நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தனர். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் தந்தனர். உழவரின் உரிமை நிலைத்தது. இது நல்ல முறையே. ஆயினும் நிலமற்றவருக்கு அக்குத்தகையில் ஒரு காசும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் சூரியத் தகடுகளின் கீழ் செம்மறியாடுகள் மேய்கின்றன. தகடுகளைச் சற்று உயர்த்தி அமைத்து, பருவத்தில் ஆடுகளை உள்ளே விடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அதற்கு முன்னர் அந்நிலத்தில் மேய்த்தவர் யார், களை பறித்தவர் யார் என்று கிராமசபையில் கேட்டுப் பதிய வேண்டும். அடங்கலில் பருவந்தோறும் பயிரின் பெயரைப் பதிகிற கிராம நிர்வாக அலுவலருக்கு இவர்களின் பெயரைப் பதிவதும் அரிய செயலாகாது.