ஜகார்த்தா பக்கத்துல சொந்த வீடு: ஜெயித்த பிஎஸ்டி சிட்டி, சிக்கிய மெய்கார்த்தா... எங்கே வித்தியாசம்?

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வேலை பார்க்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு நகரத்துக்குள் சொந்த வீடு என்பது எட்டாத கனி. அதனால் சம்பளம் ஜகார்த்தாவில், வீடு பக்கத்து மாவட்டத்தில் என்றுதான் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை ஓடுகிறது. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு இவர்கள் வாங்கும் வீடுகளை நம்பியே ஜகார்த்தாவைச் சுற்றிப் பல தனியார் நகரங்கள் உருவாகியிருக்கின்றன.

அவற்றில் சில செழித்தன. சில, வாங்கியவர்களை நடுத்தெருவில் நிறுத்தின. ஏன் இந்த வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஜகார்த்தா ஏன் வெளியே வழிகிறது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜகார்த்தா எல்லைக்குள் வசிப்பவர்கள் சுமார் 1 கோடியே 5 லட்சம் பேர். ஆனா உண்மையான ஜகார்த்தா அதைவிடப் பல மடங்கு பெரிசு. போகோர், டெபோக், தங்கெராங், பெக்காசி ஆகிய சுற்றுப் பகுதிகளையும் சேர்த்து 'ஜபோடெத்தாபெக்' என்று அழைக்கிறார்கள். இந்த மொத்த நகர்ப்புறத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டு, சுமார் 4.2 கோடி மக்களுடன் உலகின் மிகப்பெரிய நகரம் ஜகார்த்தாதான் என்று 2025 நவம்பரில் ஐ.நா. அறிவித்தது.

இடநெருக்கடியோடு வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் வடக்கு ஜகார்த்தாவின் கடலோரப் பகுதிகள் அமிழ்ந்து வருகின்றன. 2020 புத்தாண்டு வெள்ளத்தில் ஜகார்த்தா வட்டாரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'மேட்டுப் பக்கம் போயிடலாம்' என்ற எண்ணம் வருவதில் ஆச்சரியமில்லை.

ரப்பர் தோட்டம் நகரமான கதை

ஜகார்த்தாவுக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், பாந்தென் மாகாணத்தில் இருக்கிறது செர்போங். 1980-களில் இங்கே ரப்பர் தோட்டங்கள்தான். கட்டுமானத் துறை ஜாம்பவான் சிபுத்ரா உள்ளிட்டோரின் முயற்சியில், பெரிய குழுமங்கள் சில கூட்டுச் சேர்ந்து 1989-ல் 'பூமி செர்போங் டாமாய்' என்ற புதுநகரத்தைத் தொடங்கின. அதன் சுருக்கம்தான் பிஎஸ்டி. திட்டப் பரப்பு சுமார் 6,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 15,000 ஏக்கர்.

1998 ஆசிய நிதி நெருக்கடியில் இந்தோனேசிய ரியல் எஸ்டேட் துறையே ஆட்டம் கண்டது. அந்த அடியைத் தாங்கிய பிஎஸ்டி, பின்னர் சினார் மாஸ் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

அதன் பிறகும் நகரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2015-ல்தான் ஜப்பானின் ஏயான் நிறுவனம் இந்தோனேசியாவில் தனது முதல் வணிக வளாகத்தை இங்கே திறந்தது. பிரமாண்டமான கண்காட்சி அரங்கமும் அதே ஆண்டு வந்தது. 2018-ல் ஆப்பிளின் டெவலப்பர் அகாடமி, 2021-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக வளாகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

தொடங்கி கால் நூற்றாண்டு கழித்துத்தான் வீடு, வேலை, படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் நிலை வந்தது. 'அஞ்சே வருஷத்துல நகரம் ரெடி' என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு இதுதான்.

தினசரி வாழ்க்கை எப்படி?

பிஎஸ்டியின் பெரிய பலம் ரயில். செர்போங், ரவா புந்து, சிசாவுக் நிலையங்களில் இருந்து மத்திய ஜகார்த்தாவின் தானா அபாங்குக்கு மின்சார ரயில் ஓடுகிறது. முதல் 25 கிலோமீட்டருக்குக் கட்டணம் வெறும் 3,000 ரூபியா. நம்ம காசுக்குச் சுமார் 16 ரூபாய்! காலையில் நெரிசல் பிதுங்கும், தானா அபாங்கில் வண்டி மாற வேண்டும். ஆனாலும் சுங்கச் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு காத்துக் கிடப்பதற்கு இது தேவலை.

வீடுகள் பெரும்பாலும் 'கிளஸ்டர்' வகை. சுற்றுச்சுவர், ஒரே நுழைவாயில், காவலாளி, உள்ளே ஒரே மாதிரியான வீடுகள். பாதுகாப்பு, குப்பை, பொது இடப் பராமரிப்புக்கு மாதா மாதம் 'ஐபிஎல்' என்ற கட்டணம் கட்ட வேண்டும். கிரிக்கெட் இல்லைங்க, சுற்றுப்புறப் பராமரிப்புக் கட்டணத்தின் இந்தோனேசியச் சுருக்கம்! கடன் தவணையோடு இதுவும் மாதச் செலவில் ஏறும் என்பதைப் பலர் வீடு வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள்.

சுவருக்குள் எல்லாம் பளிச். சுவருக்கு வெளியே? பிஎஸ்டியின் ஒரு பகுதி தெற்கு தங்கெராங் நகராட்சியிலும், மறு பகுதி தங்கெராங் மாவட்டத்திலும் வருகிறது. ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகங்கள். 2020 மே மாதம், செர்போங்கில் உள்ள சிபெயுசாங் குப்பைக் கிடங்கின் தடுப்புச் சுவர் இடிந்து, குப்பை மலை சிசடானே ஆற்றுக்குள் சரிந்தது. கிளஸ்டருக்குள் இருந்து கிளம்பும் குப்பையும் கடைசியில் ஊர்ப் பொதுக் கிடங்கை நம்பித்தான் இருக்கிறது. தனியார் நகரத்தில் வீடு வாங்கினாலும் உள்ளூர் நிர்வாகத்தின் குறையிலிருந்து யாரும் தப்ப முடியாது.

மெய்கார்த்தாவில் நடந்தது என்ன?

இப்போது ஜகார்த்தாவின் கிழக்குப் பக்கம் போவோம். பெக்காசி மாவட்டத்தின் சிகாராங், கார், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. வேலைவாய்ப்பு ஏற்கெனவே இருக்கும் இடம் என்பதால் வீட்டுக்குத் தேவையும் நிஜம்தான். இங்கேதான் 2017-ல் லிப்போ குழுமம் மெய்கார்த்தாவை அறிவித்தது. 500 ஹெக்டேர், 278 லட்சம் கோடி ரூபியா முதலீடு, 12.7 கோடி ரூபியாவில் இருந்து அடுக்குமாடி வீடு என்று விளம்பரம் பறந்தது. இருண்ட, அழுக்கான நகரத்தை விட்டு ஒரு சிறுமி மெய்கார்த்தாவுக்குப் போக ஏங்கும் டிவி விளம்பரம் நாடெங்கும் பிரபலம்.

பிரச்னை என்னன்னா, அனுமதி முழுசா கைக்கு வரும் முன்னாடியே விற்பனை தொடங்கிடுச்சு. 'அனுமதி கிடைக்கும்வரை விற்பனையை நிறுத்துங்கள்' என்று மேற்கு ஜாவாவின் அப்போதைய துணை ஆளுநர் டெடி மிஸ்வார் 2017-லேயே வெளிப்படையாகச் சொன்னார். மாகாண அரசு பின்னர் பரிந்துரைத்தது 84.6 ஹெக்டேருக்கு மட்டுமே. விளம்பரத்தில் சொன்ன பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் அது.

2018 அக்டோபரில் ஊழல் ஒழிப்பு ஆணையமான கேபிகே அதிரடியாக இறங்கியது. அனுமதிகளுக்காக லஞ்சம் வாங்கிய வழக்கில் பெக்காசி மாவட்டத் தலைவர் நெனெங் ஹசனா யாசினுக்கு 2019-ல் 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லஞ்சம் கொடுத்த தரப்பில் லிப்போ குழுமத்தின் உயர் நிர்வாகி ஒருவரும் சிறை சென்றார்.

வீடு வாங்கியவர்களின் நிலை? 2020 டிசம்பரில் வணிக நீதிமன்றம் ஏற்ற கடன் தீர்வுத் திட்டப்படி, வீடுகளை ஒப்படைக்கும் கெடு 2027 வரை படிப்படியாகத் தள்ளிப்போனது. கொதித்துப்போன வாடிக்கையாளர்கள் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினர். பதிலுக்கு, மெய்கார்த்தாவைக் கட்டும் நிறுவனம் 18 வாடிக்கையாளர்கள் மீது 5,600 கோடி ரூபியா இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. பணம் கட்டியவர்கள் மீதே வழக்கா என்று கடும் எதிர்ப்பு கிளம்பியதும் 2023 தொடக்கத்தில் வழக்கு வாபஸ் ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் விவகாரத்தில் 2025-ல் வீட்டுவசதித் துறை அமைச்சரே தலையிட்டுப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

இந்தோனேசியாவில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்விற்பனை ஒப்பந்தம் போட, கட்டுமானம் குறைந்தது 20 சதவிகிதம் முடிந்திருக்க வேண்டும், நிலத்தின் உரிமையும் கட்டட அனுமதியும் உறுதியாகியிருக்க வேண்டும் என்கிறது 2011-ம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம். ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே 'புக்கிங்' என்ற பெயரில் வாங்கப்படும் பணத்தில்தான் சாமானியர் மாட்டிக்கொள்கிறார்.

2023 நவம்பரில் தொடங்கி அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்ட வரிச் சலுகையும் கவனிக்க வேண்டியது. 500 கோடி ரூபியா வரை விலையுள்ள புது வீட்டுக்கு, விலையில் முதல் 200 கோடி ரூபியாவுக்கான மதிப்புக் கூட்டு வரியை அரசே ஏற்கும். ஆனா, கட்டி முடித்து ஒப்படைக்கத் தயாராக உள்ள வீட்டுக்கு மட்டும்தான். பிரசுரத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டவர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா முழு உரிமையோடு அல்ல. 1960-ம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்ற முழு நில உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்கு 'ஹக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை கிடைக்கும். 2021 விதிகளின்படி அது முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. மொத்தம் 80 ஆண்டு. குறைந்தபட்ச விலை வரம்பும் மாகாணத்துக்கு மாகாணம் உண்டு.

'உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போட்டுக்கலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் உஷார். வெளிநாட்டவருக்கு மறைமுகமாக நிலத்தைக் கைமாற்றும் ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும் என்று அதே 1960 சட்டம் சொல்கிறது.

முதலீடாகப் பார்த்தால்?

இத்தகைய நகரங்களில் விலை ஏறுவதாகச் சொல்லும்போது, பெரும்பாலும் கட்டுமான நிறுவனம் அடுத்த கட்டத்துக்கு அறிவிக்கும் புது விலையைத்தான் காட்டுகிறார்கள். பழைய வீட்டை விற்கப் போகிறவர் அந்த விலைக்கே விற்க முடியுமா? அவருக்குப் போட்டியே அதே நிறுவனம்தான். தவணைச் சலுகையும் வரிச் சலுகையும் சேர்ந்த புத்தம் புது வீடு பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, மறுவிற்பனைக்கு வரும் வீடு காத்திருக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு விற்பவர் 2.5 சதவிகித வருமான வரியும், வாங்குபவர் 5 சதவிகிதம் வரையிலான கைமாற்று வரியும் கட்ட வேண்டும். சீக்கிரம் வாங்கி சீக்கிரம் விற்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

தலைநகரம் நுசாந்தாராவுக்கு மாறினால் இந்த வீடுகளின் மதிப்பு சரியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. போகப்போவது அரசு அலுவலகங்கள். வங்கிகளும், தொழிற்சாலைகளும், துறைமுகமும் ஜாவாவில்தான் இருக்கப்போகின்றன. எனவே வீட்டுக்கான தேவை அவ்வளவு சீக்கிரம் காணாமல் போகாது.

ஆக, இரண்டு நகரங்களுக்கும் உள்ள வித்தியாசம் இடத்தில் இல்லை. சிகாராங்கிலும் வேலை இருந்தது, நெடுஞ்சாலை இருந்தது. 2017 அக்டோபரில் மின்சார ரயிலும் வந்துவிட்டது. செர்போங்கில் இன்று வீடு வாங்குபவர், ஓடுகிற ரயிலையும் குடியேறிய தெருவையும் கண்ணால் பார்த்து வாங்குகிறார். மெய்கார்த்தாவில் முதல் ஆளாகப் பணம் கட்டியவர், அனுமதியே வராத ஒரு நகரத்தின் படத்தைப் பார்த்து வாங்கினார். வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'விலை என்ன' என்பதல்ல, 'அனுமதி எங்கே' என்பதுதான்.